ஐம்பதுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் இடையே

அரபு மொழியில் 'வஸ்ன்' என்றொரு சொல் உண்டு. கடையில் தராசில் நிறுத்தறியும் எடைக்கும் அதுவே பெயர்; கவிதையின் சந்தத்திற்கும் அதுவே பெயர். பஸரா நகரின் பேரறிஞர் கலீல் இப்னு அஹ்மத் 8-ஆம் நூற்றாண்டில் அரபுக் கவிதையின் சந்தங்களை 15 என வகுத்தார். பின்வந்த அக்ஃபஷ் மேலும் ஒன்றைச் சேர்த்தார் என்பது யாப்பு நூலார் மரபாகச் சொல்லிவரும் செய்தி. நம் தமிழிலும் 'எடைபோடுதல்' என்னும் சொல் இருபொருள் தரும். உப்பையும் மீனையும் எடைபோடுகிறோம். ஒருவருடைய தகுதியையும் எடைபோடுகிறோம். திறனாய்வு என்பது இந்த இரண்டாவது தொழிலே. ஆனால் முதலாவது தராசின் முள்ளைப் பார்த்துவிட்டு இரண்டாவது தராசின் தீர்ப்பை எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. அப்பழக்கத்தை ஒரு குத்துச்சண்டை வீராங்கனையின் வாழ்க்கையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய ஏட்டில் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். படைப்போர் என்றொரு இலக்கிய வகையையே தமிழுக்கு வழங்கிய சமுதாயம் நம்முடையது. வீரத்தைப் பாடுவது நமக்குப் புதிதன்று. வீரத்தை எவ்வாறு பாடுவது என்பதே கேள்வி. இன்று வீரரைப் பாடும் புலவர்கள் செய்தித்தாள்காரர்களும் தொலைக்காட்சியாளர்களும் ஆவர். அவர்களுடைய உரைநடையும் ஒருவகை இலக்கியமே. நம் வீட்டுப் பிள்ளைகள் சீறாப்புராணத்தைப் படிக்கும் நேரத்தைவிட அந்த உரைநடையைப் படிக்கும் நேரமே மிகுதி. ஆகவே அதனைத் திறனாய்வுக்கு உட்படுத்தும் கடமை நமக்கு உண்டு.

இன்னொரு வினாவும் எழும். முகத்தில் அடிப்பதை நபிமொழிகள் தடுத்துள்ளன. 1987-இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் பேரவை குத்துச்சண்டை கூடாது என்றே முடிவுரைத்தது. இதனை மறைத்துவிட்டு இப்பொருளைப் பற்றி எழுதுவது அறிவு நேர்மை ஆகாது. சட்டத் தீர்ப்பை உரிய ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். ஆயினும் அத்தீர்ப்பின் உள்ளீடு என்ன? இறைவன் அமானிதமாகத் தந்த உடலுக்கு ஊறு விளைவிக்கலாகாது என்பதன்றோ? மேடையில் விழும் அடியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மேடை ஏறுமுன் எடைப்பலகையில் விழும் அடியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நாம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது அடியைத்தான்.

முதலில் எடைப் பிரிவு என்பது என்ன என்று காண்போம். பெரியவன் சிறியவனை அடித்து வீழ்த்துவதில் திறமை இல்லை. ஒத்த எடையுடையோர் மோதினால்தான் திறமை வெளிப்படும். இந்த நியாய உணர்விலிருந்து பிறந்தவையே எடைப் பிரிவுகள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் நெடுங்காலமாக 17 பிரிவுகள் வழக்கில் இருந்துவருகின்றன. அங்கே ஒருவர் தம் பிரிவில் பட்டம் வென்ற பிறகு அடுத்த உயர் பிரிவுக்கு ஏறித் தம்மிலும் கனத்தவரை வெல்வது பெரும் புகழாகக் கருதப்படுகிறது.

அப்புகழின் சிகரத்தில் நிற்பவர் பிலிப்பைன்ஸ் நாட்டு மேனி பாக்கியாவ். 1998-இல் 112 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 50.8 கிலோ பிரிவில் அவர் முதல் உலகப் பட்டம் பெற்றார். 2010-இல் 154 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 70 கிலோ பிரிவில் எட்டாவது பட்டம் பெற்றார். எட்டுப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஒரே ஆடவர் அவரே. இதுவரை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் இந்த ஏற்றத்தின் தொடக்கம் ஒரு வெற்றியன்று, ஒரு தோல்வி என்பதைச் சொல்லுவோர் குறைவு. 1999 செப்டம்பரில் தாய்லாந்தில் மெட்கோயென் சிங்சுரத் என்பவருடன் அவர் மோதவிருந்தார். வளரும் வயது, உடல் 112 பவுண்டுக்குள் அடங்க மறுத்தது. எடைப்பலகையிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் வாடிய உடலோடு மேடை ஏறி மூன்றாவது சுற்றிலேயே வீழ்ந்தார். அதன்பின் இடையிலிருந்த இரு பிரிவுகளையும் தாண்டி 122 பவுண்டுக்கு ஏறினார். 2001 ஜூனில் அந்தப் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். உடலைப் பட்டினியால் சுருக்குவதை நிறுத்தி, அது இயல்பாக வளர்ந்த அளவிலேயே அதனைப் போரிட விட்டபோதுதான் அந்தக் கைகளுக்கு வலிமை வந்தது. எட்டுப் பட்டங்களின் கதை உண்மையில் எடையை வென்ற கதையன்று. எடையோடு சமாதானம் செய்துகொண்ட கதை.

நிற்க. இந்தியாவில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு உண்டா? 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் நம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் ஈட்டித் தந்த விஜேந்தர் சிங், 2015-இல் தொழில்முறைக்கு மாறினார். அவர் ஏறியது ஒரே ஒரு படிதான். பல எடைப் பிரிவுகளைக் கடந்த வாழ்க்கையை நாம் காண வேண்டுமாயின் தொழில்முறையை விட்டுப் பதக்கப் போட்டிகளின் பக்கமே செல்ல வேண்டும். அதிலும் ஆடவரை விட்டு மகளிரின் பக்கம் செல்ல வேண்டும்.

மணிப்பூரின் மேரி கோம் 2001-இல் முதல் உலகப் போட்டியில் 48 கிலோவில் வெள்ளி பெற்றார். 2002-இல் 45 கிலோவில் தங்கம். 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் 46 கிலோவில் தங்கம். 2010-இல் மீண்டும் 48 கிலோவில் தங்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்றபோது 51, 60, 75 என மூன்றே பிரிவுகள்தாம் வைக்கப்பட்டன. ஆகவே அவர் 51-க்கு ஏறித் தம்மிலும் பருத்தவர்களோடு மோதி வெண்கலம் கொணர்ந்தார். 2018-இல் 48-க்கு இறங்கி மீண்டும் உலகத் தங்கம். 2019-இல் 51-க்கு ஏறி வெண்கலம்.

இந்த எண்களை அடுக்கிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். பாக்கியாவ் தம் உடல் வளர்ந்த பக்கம் பிரிவு மாறினார். மேரி கோமோ போட்டி அட்டவணை மாறிய பக்கமெல்லாம் உடலை மாற்ற வேண்டியிருந்தது. தொழில்முறை வீரருக்குப் பிரிவு என்பது ஏறும் படி. பதக்கப் போட்டி வீராங்கனைக்கு அது பிறர் அடைத்துத் திறக்கும் கதவு. இரண்டையும் 'பல எடைகளில் சாதனை' என்னும் ஒரே தொடரால் வருணிப்பது நம் எழுத்தாளர்கள் செய்யும் முதற்பிழை.

இனி நம் வீட்டுப் பெண்கள் பெருமிதத்தோடு பெயர் சொல்லும் வீராங்கனைக்கு வருவோம். நிகத் ஸரீன் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 1996-இல் பிறந்தவர். நான்கு பெண்மக்களில் மூன்றாமவர். அவருடைய தந்தை சவூதி அரேபியாவில் விற்பனைப் பணியில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியவர். நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் வரலாறும் இதுவே. ஓட்டப்பந்தயத்தில் தொடங்கிய சிறுமி, குத்துச்சண்டைக் களத்தில் பெண்பிள்ளை எவரும் இல்லாததைக் கண்டு அதனுள் நுழைந்தார். உடையைப் பற்றி ஊரார் முணுமுணுத்தனர். காயம்பட்ட முகத்தைக் கண்ட தாய், இவளை யார் மணப்பார் என்று கலங்கினார். தந்தையோ மகளின் பக்கம் நின்றார். 2010-இல் நம் ஈரோட்டில் நடந்த தேசியப் போட்டியில் சிறந்த வீராங்கனை எனப் பாராட்டப் பெற்றார். அடுத்த ஆண்டு துருக்கியின் அந்தல்யாவில் இளையோர் உலகத் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 14-தான்.

அதன்பின் வந்தவை எளிய ஆண்டுகளல்ல. 2017-இல் தோளில் காயம். ஓராண்டு களத்தை விட்டு விலகியிருந்தார். 2019-இல் 51 கிலோ பிரிவில் அவருக்கு முன்னே நின்றவர் அவர் சிறுவயதிலிருந்து முன்மாதிரியாகக் கொண்டிருந்த மேரி கோமே ஆவார். தேர்வுப் போட்டி இன்றி எவரையும் அனுப்பலாகாது என்று நிகத் விளையாட்டு அமைச்சருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் போட்டி நடந்தது. மேரி கோம் 9-1 என வென்றார். போட்டி முடிந்தபின் கைகுலுக்கவும் மறுத்தார். இந்த நிகழ்ச்சியை இருவருக்கிடையேயான பகை என்றே செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உலகப் போட்டியில் அப்போது பத்துப் பிரிவுகள் இருந்தன. டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர்க்கு இருந்தவை ஐந்தே. 51-க்குக் கீழே வேறு கதவு இல்லை. 48 கிலோவில் உலகையே வென்றவரும் 51 கிலோவில் வளர்ந்துவந்தவரும் ஒரே வாசலில் நெருக்கித் தள்ளப்பட்டார்கள். பகையை விளைத்ததில் அட்டவணைக்குப் பெரும்பங்கு உண்டு.

2022 மே மாதம் இஸ்தான்புல் நகரில் நிகத் தம் முழு ஆற்றலையும் வெளிப்படுத்தினார். 52 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் ஜுடாமாஸ் ஜிட்பாங்கை 5-0 என வென்று உலகப் பட்டம் பெற்ற ஐந்தாவது இந்தியப் பெண்மணி ஆனார். கைநீளத்தைப் பயன்படுத்தித் தொலைவிலிருந்தே அடிப்பதும், எதிரி முன்னேறும் கணத்தில் நேர்க்குத்தால் மறுமொழி தருவதும் அவருடைய பாணி. அந்தப் பாணிக்குக் கால்கள் ஓயாமல் இயங்க வேண்டும், மூச்சு தளரக்கூடாது. 52 கிலோவில் கால்களும் மூச்சும் அவருக்குக் கட்டுப்பட்டிருந்தன. யாப்பின் மொழியில் சொன்னால், அந்தக் கவிஞருக்கு இயல்பான வஸ்ன் அதுவே.

ஆனால் பாரிஸ் ஒலிம்பிக் அட்டவணையில் 52 இல்லை. 50, 54, 57, 60, 66, 75 என்பவையே மகளிர் பிரிவுகள். இரண்டு கிலோ இறங்க வேண்டும், அல்லது இரண்டு கிலோ ஏற வேண்டும். அவர் இறங்கினார். 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோவில் வடக்கு அயர்லாந்தின் கார்லி மெக்னாலை 5-0 என வென்றார். 2023 மார்ச்சில் புதுதில்லியில் வியட்நாமின் நுயென் தி தாமை 5-0 என வென்று இரண்டாவது உலகப் பட்டமும் பெற்றார். இரு எடைகளில் உலகச் சாம்பியன் என்று நாடே கொண்டாடியது. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியின் அரையிறுதியில் தாய்லாந்தின் சுத்தமத் ரக்சத்திடம் 2-3 எனத் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். எனினும் பாரிஸுக்குரிய இடம் உறுதியாகியிருந்தது.

2024 பாரிஸ். இருமுறை உலகச் சாம்பியனாயிருந்தும் தரவரிசைச் சலுகை எதுவும் அவருக்கு இல்லை. முதல் போட்டியில் ஜெர்மனியின் மாக்ஸி க்ளோட்ஸரை வென்றார். அடுத்த போட்டியிலேயே முதல் தரநிலையில் இருந்த சீனத்தின் வூ யூ எதிர்ப்பட்டார். முடிவு 0-5. கண்ணீரோடு வெளிவந்த நிகத், எடைக்காக இரண்டு நாள் உணவின்றி இருந்ததையும், தண்ணீரும் அருந்தாததையும், எடை காட்டிய பிறகு உடல் தேறுவதற்குப் போதிய நேரம் கிடைக்காததையும் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தச் சொற்களைத்தான் நாம் திறனாய்வின் மையத்தில் வைக்க வேண்டும். தொழில்முறை வீரர் பெரும்பாலும் போட்டிக்கு முதல்நாளே எடை காட்டுகிறார். உண்டு, குடித்து, உறங்கி மறுநாள் மேடை ஏறுகிறார். பதக்கப் போட்டி வீராங்கனை போட்டி நாளின் காலையிலேயே எடை காட்ட வேண்டும். தேறுவதற்குச் சில மணி நேரமே கிடைக்கும். அடுத்த சுற்றுக்கு முன்னேறினால் மீண்டும் எடைப்பலகை. வெல்ல வெல்லப் பட்டினி நீளும் விந்தையான அமைப்பு இது.

எக்கியார்குப்பத்து வாசகர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. இரண்டு கிலோவை இரண்டு நாளில் இறக்குவது என்றால் கொழுப்பு கரைவதன்று. பெரும்பகுதி உடலின் நீர் வெளியேறுவதே. மரக்காணம் உப்பளங்களில் சித்திரை வெயிலில் உப்பு வாரும் பெண்களைக் கேளுங்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் தலை கனக்கும், பிறகு கால் பின்னும், பிறகு பார்வை மங்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த நிலையில் உப்புக் கூடையைத் தூக்குவதே இடர். அந்த நிலையில் ஒருவரைக் குத்துவாங்க அனுப்புவதை வீரம் என்று எழுதலாமா?

உப்பளமே இன்னொரு பாடமும் சொல்லும். கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி அடர்த்தியில் உள்ளே வருகிறது. பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் காய்ந்து, ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்குகிறது. அதற்குமுன் வாரினால் உப்பு இல்லை. 29 டிகிரியையும் கடந்து காயவிட்டால் கசப்பு உப்புகள் கலந்து எல்லாம் கெடும். நீர் வற்ற வற்றப் பயன் பெருகும் என்பது ஓர் எல்லை வரைதான் உண்மை. அந்த எல்லையை அறிந்தவரே நல்ல உப்பளத்தார். மனித உடலுக்கும் அத்தகைய எல்லை உண்டு. அதனை அறிந்தவரே நல்ல பயிற்சியாளர்.

எல்லை மீறியதன் விளைவு கட்டுக்கதையன்று. 1997-இல் அமெரிக்கக் கல்லூரி மற்போர் வீரர் மூவர், எடை குறைப்பதற்காக வியர்வை வடித்தும் நீர் ஒழித்தும் பயிற்சி செய்ததில் ஏறக்குறைய ஒரு மாத காலத்திற்குள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன்பின்னரே அங்கே விதிகள் திருத்தப்பட்டன. பாரிஸில் நம் மற்போர் வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நேர்ந்ததை நாடு மறந்திருக்காது. வழக்கமாக 53 கிலோவில் போட்டியிட்டவர் 50-க்கு இறங்கி இறுதிப் போட்டி வரை வென்றார். மறுநாள் காலை 100 கிராம் மிகுந்தது என்று தகுதி நீக்கப்பட்டார். ஒரு கைப்பிடி உப்பின் எடை அது!

இப்போது நம் எழுத்துலகின் பக்கம் திரும்புவோம். 2018-இல் போலந்து நாட்டுப் போட்டி ஒன்றுக்காக விடியற்காலையில் சென்று இறங்கிய மேரி கோம், எடை மிகுந்திருப்பதை அறிந்து, ஓய்வின்றிக் கயிறு தாண்டி நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைத்துப் பின் தங்கமும் வென்றார். செய்தி உண்மையே, அவரே கூறியது. நாளிதழ்கள் இதனை எப்படி எழுதின? மன உறுதியின் அற்புதம் என்று எழுதின. அதனைப் படித்த பதினான்கு வயதுச் சிறுமி எதைக் கற்றுக்கொள்வாள்? 2018-இல் மேரி கோமுக்கு வயது 35. பதினேழு ஆண்டு உலக அனுபவம். அந்த உடல் அவருக்குத் தெரிந்த உடல். சிறுமிக்கு அந்த அறிவு இல்லை; செய்தி தந்த ஆர்வம் மட்டுமே உண்டு. வெற்றி பெற்றால் பட்டினி தவம் ஆகிறது. தோற்றால் அதே பட்டினி பரிதாபம் ஆகிறது. நிகத் 2023-இல் 50 கிலோவில் வென்றபோது அந்த எடைக்குப் பின்னால் இருந்த பசியை எவரும் கேட்கவில்லை. 2024-இல் தோற்றபோதுதான் கேட்டார்கள். முடிவைப் பார்த்து வழியை மதிப்பிடும் இந்த எழுத்தைத் திறனாய்வு என்று நாம் ஏற்க இயலாது.

சிலர் சொல்லக்கூடும்: நோன்பு நோற்கும் சமுதாயம் பசியைக் கண்டு அஞ்சலாமா? எடைக்காகப் பசித்திருப்பதும் ஒரு நோன்புதானே? இக்கூற்று கேட்க இனிது, ஆராய்ந்தால் நில்லாது. நோன்புக்கு ஸஹர் உண்டு, இஃப்தார் உண்டு. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. இரவிலும் உண்ணாமல் நோன்பை நோன்போடு இணைத்துத் தொடர்வதற்கு 'விஸால்' என்று பெயர்; அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். இரண்டு நாள் உணவும் நீரும் இன்றி இருப்பது நோன்பின் உருவமன்று. தடுக்கப்பட்ட விஸாலின் உருவமே. வணக்கத்திற்கே அனுமதிக்கப்படாத ஒன்றைப் பதக்கத்திற்காக நியாயப்படுத்த முடியுமா? உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது மார்க்கம் கற்பித்த பாடம். இதனை நிகத்தைக் குறைகூறுவதற்காக நாம் எழுதவில்லை. அவர் அமைப்பின் நெருக்கடியில் நின்றவர். அந்த நெருக்கடிக்கு நோன்பின் புனிதப் பெயரைச் சூட்டுவோரை நோக்கியே எழுதுகிறோம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோல்விக்கெல்லாம் எடையே காரணம் என்று முடிவுகட்டுவதும் அன்பினால் வரும் மயக்கமே. நிகத்தை வென்ற வூ யூ யார்? 2023-இல் புதுதில்லியில் நிகத் 50 கிலோவில் பட்டம் பெற்ற அதே உலகப் போட்டியில் 52 கிலோ பட்டம் வென்றவர் அவர். அவரும் இறங்கியே வந்தார். இறங்கி வந்தவர் பாரிஸில் தங்கமும் வென்றார். அன்று மேடையில் அவர் விரைவானவர், தெளிவானவர். நடுவர் ஐவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்ததில் குறைகாண இடமில்லை. அப்படியானால் நம் வாதம் சரிந்ததா? இல்லை. ஒரே சந்தத்தில் எழுதிய இரு கவிஞருள் ஒருவருக்குச் சொல் தானாக வந்து அமர்கிறது. மற்றவர் சந்தத்திற்காகச் சொல்லை வெட்டுகிறார். வரியை எண்ணிப் பார்த்தால் இரண்டும் சமம். படித்துப் பார்த்தால் அல்ல. எடைப்பலகையில் 50 என்னும் எண் ஒன்றே. அந்த எண்ணுக்குள் வருவதற்கு இரு உடல்கள் கொடுத்த விலை ஒன்றல்ல. பலகை காட்டாத அந்த விலையைக் காட்டுவதுதான் எழுதுவோர் கடமை.

பாரிஸுக்குப் பிந்திய நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவாக்குகின்றன. பிரிவுகள் மீண்டும் திருத்தப்பட்டன. 50-ம் 52-ம் நீங்கி 51 வந்தது. நெடிய இடைவெளிக்குப் பின் 2025 செப்டம்பரில் லிவர்பூல் உலகப் போட்டியில் 51 கிலோவில் இறங்கிய நிகத், காலிறுதியில் துருக்கியின் புஸே நாஸ் சாகிரோக்லுவிடம் 0-5 எனத் தோற்றார். நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அதே 51 கிலோவில் தைவானின் வீராங்கனையை 5-0 என வென்று தங்கம் பெற்றார். ஒரு கிலோ கூடியதும் எல்லாம் சீராகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. லிவர்பூல் அதற்கு மறுப்பு. ஆனால் பதினைந்து ஆண்டு வாழ்க்கையில் 51, 52, 50, மீண்டும் 51 என்று அலைந்த இந்த எண்களில் அவர் விருப்பத்தால் ஏற்பட்ட மாற்றம் எத்தனை, அட்டவணையால் ஏற்பட்டது எத்தனை என்று பகுத்துக் காணாமல் அவரை எடைபோட முடியாது. பாக்கியாவின் எட்டுப் பட்டங்களுக்கு அருகில் நிகத்தின் இரண்டு பட்டங்களை வைத்துச் சிறியது என்பாரும், வேறு வேறு எடையில் வென்றதாலேயே பெரியது என்பாரும் ஒருங்கே தவறுகிறார்கள். அவருடைய பெருமை வேறிடத்தில் உள்ளது. தமக்குப் பொருந்தாத எடையிலும் தம் பாணியை விடாமல் காத்தார். தோற்ற நாளில் உண்மையை மறைக்காமல் சொன்னார். வென்றவர் சொல்லும் உண்மையைவிடத் தோற்றவர் சொல்லும் உண்மை அரிது. அதனைச் சாக்கு என்று சிலர் இகழ்ந்தனர். நாம் அதனைச் சான்று என்போம்.

இது ஏதோ தொலைதூரத்துச் செய்தி என்று நம் குடும்பங்கள் எண்ணிவிடலாகாது. 2023 மே மாதம் கள்ளச்சாராயச் சாவுகளால் எக்கியார்குப்பத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டதை நாம் அறிவோம். அதன்பின் பிள்ளைகளை விளையாட்டுக் களத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கரையில் பலருக்கு உண்டு. நல்ல எண்ணமே. ஆனால் குத்துச்சண்டையாயினும் மற்போராயினும் பளுதூக்குதலாயினும் எடைப் பிரிவு உள்ள எந்த விளையாட்டிலும் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், கட்டணத்தையும் விடுதியையும் கேட்பதோடு நின்றுவிடாமல் இன்னும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். என் பிள்ளையின் இயல்பான எடை எது? அந்த எடையிலேயே போட்டியிட விடுவீர்களா? வளரும் வயதில் எடை ஏறினால் மேற்பிரிவுக்கு அனுப்புவீர்களா, பட்டினி போடுவீர்களா? போட்டிக்கு முன் தண்ணீரை நிறுத்துவது உண்டா? மாதவிலக்கு தவறினால் மருத்துவரிடம் காட்டுவீர்களா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடைசொல்லும் பயிற்சியாளரே ஆசிரியர் எனத் தகுந்தவர். நம் பெண்பிள்ளைகள் இவற்றைத் தாமே கேட்கக் கூச்சப்படுவார்கள். தாய்மார் கேட்க வேண்டும்.

எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 'எடையைக் குறைத்து வென்றார்' என்று எழுதுமுன், எத்தனை நாளில், எந்த முறையில், யார் சொல்லி என்பதையும் கேட்டு எழுதுங்கள். விடை கிடைக்கவில்லை எனில் அந்தப் பாராட்டை விட்டுவிடுங்கள். வெற்றியை மட்டும் பாராட்டுங்கள். அதற்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

கலீல் சந்தங்களை வகுத்தது கவிஞர்களை அவற்றுள் அடைப்பதற்காக அன்று. கவிஞர்கள் முன்பே பாடியிருந்த பாடல்களைக் கேட்டு, அவற்றில் ஓடிய ஒழுங்கைக் கண்டு வகுத்தார். பாட்டு முந்தியது, கணக்கு பிந்தியது. எடைப் பிரிவுகளும் வீரர்களுக்கு நியாயம் செய்யவே பிறந்தன. அவற்றை வகுப்போர், வகுத்தபின் மாற்றுவோர், அவற்றுள் நம் பிள்ளைகளை நிறுத்தி எடைபோடுவோர், அதைப் பார்த்து எழுதுவோர் ஆகிய அனைவரும் மீஸானின் நீதியை மனத்தில் கொள்வார்களாக.